கேட்டுக்கு உள்ளே ஒருவன், வெளியே நாற்பது பேர்

சின்னுச்சாமியின் கழுத்தில் ஒரு பனியன் தொங்கிக்கொண்டிருந்தது.

அது ஒரு திங்கட்கிழமை காலை. கம்பெனியின் இரும்புக் கேட்டுக்கு உள்பக்கம், வாட்ச்மேன் கூண்டை ஒட்டி அவனை நிறுத்தியிருந்தார்கள். போட்டிருந்த சட்டைக்கு மேல், தைத்து முடித்த புதுப் பனியனை மாலை மாதிரி மாட்டிவிட்டிருந்தார்கள். அதன் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறை. அதிகம் போனால் எட்டணாக் காசு அளவு இருக்கும். அதற்குப் பக்கத்தில் குண்டூசியில் குத்திய ஒரு சீட்டு.

கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு மனு கையில். வேலை கேட்டு வந்தவர்கள். கம்பிகளுக்கு இடையில் எல்லாருக்கும் சின்னுச்சாமி நன்றாகத் தெரிந்தான். பார்த்தார்கள். பார்த்துவிட்டு, முன்னால் இருந்தவர் ஒரு அடி நகர்ந்தால் தாங்களும் ஒரு அடி நகர்ந்தார்கள். ஒருவர்கூட வரிசையை விட்டுப் போகவில்லை.

நான் மாடியில், செக்கிங் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னுச்சாமி உங்கள் தாய்மாமன், கண்ணுகளா. நம் வீட்டுப் பின்னறையில் கடைசிவரை இருந்தவன். நோம்பிக்கு நோம்பி உங்களுக்குக் கரும்பும் பொரியும் வாங்கி வந்தவன். "மாமா ஏம்ப்பா கல்யாணமே பண்ணிக்கல?" என்று சிறு வயதில் நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

இந்தத் தொடரில் போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டுப் பெரியவள் இன்னொன்று கேட்டாள். அவ்வளவு மோசமான கம்பெனி என்று எழுதுகிறீர்களே, பிறகு எதற்கு எல்லாரும் அங்கேயே போய் நின்றீர்கள் என்று. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மாமன் போய்ச் சேர்ந்து ஒரு ஆடி கழிந்துவிட்டது. இனிமேலாவது எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மனு

நான் எட்டாவது வரை படித்தவன். எங்கள் வீதியில் அது பெரிய படிப்பு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலைந்து பேராவது வீட்டுக்கு வருவார்கள், இரும்புக் கேட்டுக் கம்பெனிக்கு மனு எழுதித் தரச் சொல்லி. ஊரில் அந்தக் கம்பெனிக்கு அதுதான் பெயர். பலகையில் இருந்த பெயரை யாரும் சொன்னதில்லை.

நான் எழுத்துக்கூலி வாங்குவதில்லை. யாராவது ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவருவார்கள், இல்லை மடியில் கொஞ்சம் நிலக்கடலை. எல்லா மனுவும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தங்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது" என்று தொடங்கி, "தங்கள் கம்பெனியில் உண்மையாக உழைக்க ஆசைப்படுகிறேன்" என்று முடியும். பெயரும் ஊரும் மட்டும் மாறும்.

எழுத ஆரம்பிக்கும்போது அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏனுங்க, அந்தப் பனியன் மாட்டி நிக்கவெக்கறது நெசமுங்களா?"

நிசம்தான் என்பேன். மிஷினை விட்டு எழுந்து வெளிக்குப் போவதற்கும் சீட்டு வாங்க வேண்டும் என்பேன். சாப்பாட்டு மணி அடித்தாலும் கையில் இருக்கிற துணிக் கட்டை முடிக்காமல் எழுந்தால் மேனேஜர் அப்பன் பேரைச் சொல்லித் திட்டுவார் என்பேன். கவனமாக இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொள்வேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "செரிங்க, எழுதுங்க" என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மற்றக் கம்பெனிகளெல்லாம் சந்துகளில் இருந்தன. நூல் வராவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். ரெண்டு வாரம் கழித்து வா என்பார்கள். ரெண்டு வாரம் கழித்துப் போனால் அங்கே வேறு யாராவது அரிசி மண்டி வைத்திருப்பார்கள். இரும்புக் கேட்டு மட்டும் ஒரு நாளும் சாத்தியதில்லை. கிணறு வற்றி, காட்டை விட்டு, காங்கயத்துப் பக்கமிருந்தும் பல்லடத்துப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். இரும்புக் கேட்டு என்று சொன்னால் அதற்குமேல் ஒரு கேள்வி வராது.

நான் நின்ற நாள்

அதே கேட்டில், கழுத்தில் பனியனோடு, நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அப்போது நான் தைக்கிற மேசையில் இருந்தேன்.

திங்கட்கிழமைதான் கம்பெனியில் ஆள் எடுப்பார்கள். திங்கட்கிழமைதான் நிறுத்தவும் செய்வார்கள். சனிக்கிழமை அகப்பட்ட குற்றத்துக்கும் திங்கட்கிழமைவரை காத்திருப்பார்கள். உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதுதான் முதலாளியின் கணக்கு. இது எனக்குப் புரியவே சில வருஷம் பிடித்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையில் முதலாவதாக நின்றவர், நடுத்தர வயசுக்காரர், என்னைப் பார்த்து மெதுவாகக் கனைத்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, உள்ள எத்தன எடம் காலியா இருக்குதுங்க?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும், சொல்லுங்கள். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ரெண்டு மிஷினுக்கு ஆளில்லீங்க. ஓவர்லாக் தைக்கத் தெரியும்னு சொல்லுங்க, எடுத்துக்குவாங்க" என்றது.

மத்தியானம் வரை நின்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், முகம் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று உங்கள் அம்மா கேட்டாள். சரக்கு ஏற்ற வெயிலில் நின்றேன் என்றேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

கவனமாக இருந்தால் போதும்

நான் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆனபோது, சின்னுச்சாமி காதர்பேட்டையில் ஒரு சந்துக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். ஆறே மிஷின். முதலாளி நல்ல மனுஷன். டீ வந்தால் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்து குடிப்பார். ஆனால் அந்தக் கம்பெனியின் பேரைச் சொன்னால் அடுத்த வீதியில்கூடத் தெரியாது.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசியிருந்தோம். தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து சின்னுச்சாமிக்கு அந்தப் பெண்ணின்மேல் ரொம்ப ஆசை. பெண்ணுக்கும் சம்மதம் என்று அவளுடைய அண்ணன் பழனிச்சாமி மூலமாகத் தெரிந்தது. பெண்ணின் அப்பா மட்டும் கம்பெனியின் பேரைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே சின்னுச்சாமி என்னிடம் வந்தான்.

"மச்சான், உங்க கம்பெனிக்கு எழுதிப் போடலாம்னு பாக்கறேனுங்க. எப்படிங்க இருக்குது?"

நம் பக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால், குறையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். "நீங்களே ஒருக்கா நேர்ல வந்து பாத்துக்குங்க" என்போம். அவ்வளவுதான். கேட்டவர் புரிந்துகொண்டு, மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். அவனுக்குப் புரிந்திருக்கும்.

அடுப்படி வாசலில் உங்கள் அம்மா நின்றிருந்தாள். தம்பியும் தன் வீட்டுக்காரர் இருக்கிற பெரிய கம்பெனிக்கு வரப்போகிறான் என்று முகமெல்லாம் பெருமை. கம்பெனி மோசம் என்று நான் சொன்னால், அங்கே ஒன்பது வருஷமாக இருக்கிற நான் யார்?

"கவனமா இருந்தாப் போதும் மாப்ள, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்தவை பழைய மிஷின்கள். ஊசித் தண்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். நிறுத்தித் துடைத்தால் தெறிக்காது. ஆனால் மணி அடிக்கிறவரை நிறுத்தக் கூடாது என்பது சட்டம். கடவுளே வந்து உட்கார்ந்து தைத்தாலும் மாதத்துக்கு ஒரு பனியனில் கறை விழும். அதற்கு மிஷினைச் சொல்லாமல் ஆளைச் சொன்னார்கள். நாங்களும் அதையே சொல்லப் பழகிக்கொண்டோம்.

சின்னுச்சாமி சேர்ந்தான். அடுத்த மாதமே பெண் வீட்டில் சம்மதம் சொன்னார்கள். உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்தோம். அந்தச் சந்தோஷத்தில் பெண்ணின் அண்ணனையும் இங்கேயே வேலைக்கு வரச் சொன்னான் சின்னுச்சாமி. பழனிச்சாமிக்கான மனுவையும் நான்தான் எழுதினேன்.

மேசைக்குக் கீழே

செக்கிங் மேசையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தைத்த கட்டெல்லாம் எங்களிடம் வரும். ஒவ்வொரு பனியனாக விரித்துப் பார்த்து, பழுது இருந்தால் தைத்தவருடைய நம்பரைச் சீட்டில் எழுதிக் குத்தி, மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் சின்னக் கறையாக இருந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் மேசைக்குக் கீழே நழுவ விட்டுவிடுவோம். சாயங்காலம் சலவைக்குப் போகிற துணியோடு அதுவும் போய்விடும். எத்தனையோ பேரை இப்படிக் காப்பாற்றியிருக்கிறோம். யாருக்குச் செய்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை என் கைக்கு வந்தது சின்னுச்சாமியின் கட்டு. மேலேயிருந்து நாலாவது பனியனில் கறை.

எதிர்ப்பக்கம் இருந்த தேவசகாயம் அதைப் பார்த்துவிட்டான். நல்லவன். மேனேஜர் அப்போது அடுத்த ஹாலில் இருந்தார். தேவசகாயம் கையை நீட்டினான்.

"ஆறுமுகண்ணா, இங்க குடுங்க. கீழ போட்டர்றேன்."

நான் கொடுக்கவில்லை. சின்னுச்சாமி என் மச்சினன் என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரனுக்குப் பார்க்கிறான் என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்த மாதம்தான் என்னை மேசைக்குப் பெரிய ஆளாகப் போட்டிருந்தார்கள். புது ஆள், திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்றும் ஒரு நினைப்பு. முகம் தெரியாதவனாக இருந்தால் கீழே போட்டிருப்பேன். இதுதான் இத்தனை வருஷமாக எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

"வேண்டாம். நம்பர் எழுதி அனுப்பீரலாம்" என்றேன்.

தேவசகாயம் கையை இழுத்துக்கொண்டான்.

அந்தத் திங்கட்கிழமை

ஜன்னலில் நின்றிருந்தேன் என்றேன் அல்லவா? வரிசையில் எட்டாவதாக நின்றவன் பழனிச்சாமி. நான் எழுதிய மனு அவன் கையில் இருந்தது.

சின்னுச்சாமி முதலில் அவனைப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். நாலடி தூரம்கூட இல்லை. தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், கழுத்தில் பனியனோடு.

பழனிச்சாமி திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். போனால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவன் கண்ணைத் தாழ்த்தி, கையிலிருந்த மனுவைப் படிக்கிற மாதிரி பார்த்தான். முன்னால் இருந்தவர் நகர்ந்தார். அவனும் நகர்ந்தான்.

மத்தியானத்துக்குள் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஊசி நூல் கோக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்களாம்.

அன்று சாயங்காலம் சின்னுச்சாமி நம் வீட்டுக்கு வந்தான். உங்கள் அம்மாவுக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, அது உங்க மேசைக்கு வந்த பனியனுங்களா?"

"இல்ல. பக்கத்து மேசை" என்றேன்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "கவனமா இருந்திருக்கக் கூடாதாடா? உங்க மச்சான் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?"

சின்னுச்சாமி ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டு முடித்தான்.

மறுநாளிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும், எங்களுக்கு ஒன்றும் இல்லை, மாப்பிள்ளையை வேலைக்கு மட்டும் திரும்பப் போகச் சொல்லுங்கள் என்றார்கள். சின்னுச்சாமிதான் மாட்டேன் என்றுவிட்டான். பழனிச்சாமியின் முகத்தை ஆயுசுக்கும் எப்படிப் பார்ப்பது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் அழுதாள், திட்டினாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அவன் அசையவில்லை. அடுத்த தையில் அந்தப் பெண்ணை அவினாசிப் பக்கம் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

மறுபடியும் அதே வரிசை

ஏறக்குறைய இரண்டு வருஷம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை அதே ஜன்னலில் நின்று பார்க்கிறேன். வரிசையின் கடைசியில் சின்னுச்சாமி.

சரக்குச் சீட்டு வாங்கப் போகிற சாக்கில் கீழே இறங்கி ஓடினேன். கேட்டுக்கு வெளியே போய் அவனை ஓரமாக அழைத்தேன். இங்கேயே எதுக்கு மாப்ள மறுபடியும் வந்தாய் என்று கேட்டேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"நானும் பதினோரு கம்பெனி ஏறி எறங்கீட்டனுங்க. எங்க போனாலும் இரும்புக் கேட்டுல இருந்து எதுக்கு வந்துட்டீங்கன்னுதான் மொதக் கேள்வி. அதுக்குப் பதில் சொல்றதுக்கு இங்கயே இருந்துக்கலாமுங்க."

அங்கே, வேப்பமரத்தடியில், நான் அவனிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பனியன் என் மேசைக்குத்தான் வந்தது, அனுப்பியது நான்தான் என்று.

"தெரியுமுங்க மச்சான்" என்றான். "சீட்டுல இருந்தது உங்க எழுத்துத்தானுங்க. எனக்கு மனு எழுதிக் குடுத்த எழுத்து எனக்குத் தெரியாதுங்களா?"

வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டே அவன்தான் மறுபடியும் பேசினான்.

"அக்காகிட்டச் சொல்லீராதீங்க. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ஊடுதானுங்க. அதுக்குள்ள சண்ட சச்சரவு வேண்டாமுங்க."

மேனேஜர் அவனை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாராம். கடைசி ஆளாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அங்கேயே தைத்தான். இன்னும் இரண்டு முறை அவனை நிறுத்தினார்கள். அது என் மேசையிலிருந்து போனதல்ல. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பழனிச்சாமி அவனுக்கு மூன்றாவது மிஷினில் இருந்தான். இருவரும் நாளாவட்டத்தில் டீக்கு ஒன்றாகப் போக ஆரம்பித்தார்கள். கல்யாணப் பேச்சு மட்டும் சின்னுச்சாமி அதற்குப் பிறகு யாரையும் எடுக்க விடவில்லை.

பெரியவளே, நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கிணறு வற்றியதும், சந்துக் கம்பெனி சாத்தியதும், பெண் வீட்டார் பேர் கேட்டதும் எல்லாம் உண்மை. ஆனால் உள்ளே இருந்த நாங்கள் வெளியே வந்து, கவனமாக இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அவமானம் எங்களுடையது என்று நினைத்தோம். அதனால் நாங்கள் நின்றதை மறைத்தோம். அவமானம் அந்த முதலாளியுடையது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும், தங்களைவிட உள்ளே நிற்கிறவனுக்குக் கவனம் குறைவு என்று நம்பி நகர்ந்தார்கள். அப்படி நம்பும்படி எழுதியும் பேசியும் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அம்மா கேட்டது

உங்கள் அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு பகுதியையும் தபாலில் போடுவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். இந்த வாரம் வாசிக்காமலே போட்டுவிடலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். முந்தாநாள் காலையில் காபி குடித்துவிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து இதுவரை வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவன் ஒடம்பு முடியாமப் படுத்திருந்தப்பக்கூடச் சொன்னேனுங்க" என்றாள். "அன்னிக்கு மட்டும் நீ கவனமா இருந்திருந்தா, இன்னிக்குத் தண்ணி குடுக்க உனக்குன்னு ஒருத்தி இருந்திருப்பாளேடான்னு. ஆமாக்கான்னான்."

தாளை மடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதயும் சேத்தி எழுதிப் போடுங்க" என்றாள்.